எங்கள் இரத்தம் எடுக்க வருகிறவர்களுக்கு

வன்னியில் மரபணு ஆய்வு செய்ய விரும்பும் பல்கலைக்கழகத்தாருக்கும், அதற்கு ஒப்புதல் கொடுக்கும் ஒழுக்கவியல் குழுக்களுக்கும், வடமாகாண சுகாதாரத் துறையினருக்கும்,

வணக்கம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மெண்டலின் பட்டாணிச் செடியை இருபது வருடமாகக் கரும்பலகையில் வளர்த்து வருகிற ஆள். ஆகவே மரபணு என்ற சொல்லோடு எனக்குப் பயமும் இல்லை, பகையும் இல்லை. இதை முதலே சொல்லிவைக்கிறேன். கீழே எழுதப்போவதில் பாதி குறை சொல்வதுபோலத்தான் இருக்கும்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. யார் நடத்தினார்கள் என்பது இங்கே தேவையில்லை. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள். சீனி வருத்தம் பார்க்கிறோம், சாப்பிடாமல் வாருங்கள் என்று முதல்நாளே ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள். காலை ஆறரைக்கு அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். அப்போதே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. அம்மாவின் முறை வந்ததும் ஒரு தம்பி மூன்று குழாய்களில் இரத்தம் எடுத்தார். சாம்பல் மூடி போட்டது ஒன்று. அது வெறும்வயிற்றுச் சீனிக்கு. ஊதா மூடி ஒன்று; மூன்று மாதச் சீனியைப் பார்க்க அது வேண்டும். மூன்றாவதும் ஊதா மூடி.

அம்மாவுக்கு மூடியின் நிறம் ஒன்றும் தெரியாது. எண்ணத் தெரியும்.

"ஏன் தம்பி மூண்டு?"

"ஒண்டு ஆராய்ச்சிக்கு அம்மா."

"எங்க போகுது அது?"

"கொழும்புக்கு."

"அங்கயிருந்து?"

தம்பி சிரித்துக்கொண்டு பஞ்சை வைத்து அமத்தினார்.

விடை நாலு பக்கப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. 'சேமிக்கப்பட்ட மாதிரிகளின் எதிர்கால மரபணுத் தொடரீட்டுப் பயன்பாட்டிற்கான ஒப்புதல்' என்று ஒரு தலைப்பு. எனக்கே அதை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கீழே அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார், மற்ற இடங்களில் போட்டதுபோலவே. சீனி முடிவு பத்து நாளில் தொலைபேசிக்கு வந்தது. மூன்றாவது குழாயைப் பற்றி இன்றுவரை ஒரு கதையும் இல்லை.

கடைசி மேசையில் இருந்த வைத்தியர் அம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "உங்கட ஆக்களுக்கு இது பரம்பரைதானே" என்றார். கரிசனையாகத்தான் சொன்னார். அந்த ஒரு வசனம்தான் என்னை இதை எழுத வைத்தது.

முதல் கேள்வி: 'உங்கட ஆக்கள்' என்றால் யார்? என் அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுத் தண்ணீரை நம்பிக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்தவர். அம்மாவின் பக்கம் முல்லைத்தீவுப் பழைய ஊர்க்காரர், காடும் குளமும் தலைமுறையாகத் தெரிந்தவர்கள். என் மனைவியின் தாய் ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவில் வந்து இறங்கியவர். என் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நிலம், மூன்று விதமான சாப்பாடு, மூன்று விதமான பட்டினி இருக்கிறது. இதைவிட முசலியிலும் தண்ணீரூற்றிலும் 1990 ஒக்டோபரில் துரத்தப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள், வவுனியா தெற்கின் சிங்களக் கிராமங்கள் எல்லாம் வன்னிதான்.

உங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை. 1972இல் லெவொன்டின் என்ற அமெரிக்க மரபியலாளர் கணக்குப் போட்டுக் காட்டியதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்: மனிதருக்கிடையிலுள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே கிடக்கிறது. மிச்சம்தான் கூட்டத்துக்குக் கூட்டம். அந்த மிச்சம் ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சில நோய்களில் அது உயிர்போகிற விசயம். அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ஒரு முழு இனத்தின் சீனிக்கும் பிறசருக்கும் அதைக் கொண்டுபோய் விடையாக வைக்க முடியாது.

'பரம்பரை' என்ற எங்கள் சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் காணியும் பரம்பரை, கடனும் பரம்பரை, வெள்ளைச் சோற்றை மூன்று நேரமும் மலைபோலக் குவிக்கிற பழக்கமும் பரம்பரை. தாயிடமிருந்து மகளுக்குப் போகிறதெல்லாம் டீஎன்ஏ வழியாகப் போவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். உலகிலேயே சீனி வருத்தம் மிக அதிகமுள்ள மக்களில் ஒருவர் என்று அவர்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தார்கள். 2006இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு: அரிசோனாப் பீமாக்களில் வளர்ந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குச் சீனி. எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிக்கோ மலையில், மரபால் அவர்களுக்கு மிக நெருங்கிய பீமாக்களில் 6.9 சதவீதம். மலையில் இருந்தவர்கள் தோட்டம் கொத்தினார்கள், சோளமும் அவரையும் சாப்பிட்டார்கள். அரிசோனாக்காரரும் ஒருகாலத்தில் கீலா ஆற்றுத் தண்ணீரில் விவசாயம் செய்தவர்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் மேலே குடியேறியவர்கள் ஆற்றை மறித்துத் திருப்பிவிட்டார்கள். வயல் செத்தது. அதன்பின் அரசாங்கம் கொடுத்த மாவும் கொழுப்பும்தான் சாப்பாடு. ஒரு குளத்தின் வான்கதவை யார் திறப்பது என்று வருடந்தோறும் சண்டை பிடிக்கிற எங்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1944 கடைசியிலிருந்து 1945 வரை ஒல்லாந்தின் மேற்குப் பகுதியில் ஜேர்மன் படை உணவை மறித்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரி. அந்தக் குளிர்காலத்தில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, சீனியைக் கட்டுப்படுத்தும் சக்தி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. மரபணுவின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்று அதன்மேல் ஒட்டிய குறிப்புகள் மாறியிருந்தன. 2009 தையிலிருந்து வைகாசிவரை இந்த மண்ணில் கருவில் இருந்த பிள்ளைகளின் தாய்மார் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். வரிசையிலேயே ஷெல்லும் விழுந்தது. அந்தப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, என் வகுப்பில் முன்வாங்கில் இருந்து பட்டாணிச் செடி படித்தார்கள். ஐம்பது வயதில் அவர்களின் சீனி ஏறினால் அன்றைக்கும் ஒரு வைத்தியர் 'உங்கட ஆக்களுக்கு இது பரம்பரை' என்றுதான் எழுதுவாரா? அவர்களை இப்போதிருந்தே தொடர்ந்து பார்ப்பதற்கு ஒரு திட்டம் போடுங்கள். அதற்கு நான் வீடு வீடாக வருகிறேன்.

சரி, படிவத்துக்கு வருவோம். இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'பெற்றோர், உடன்பிறந்தோர் எவருக்காவது நீரிழிவு உண்டா? ஆம் / இல்லை.' உலகத்திலேயே மலிவான மரபணுச் சோதனை இதுதான். ஊசியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், வாயால் கேட்டால் போதும். நானும் மாணவர்களுக்கு வம்சாவளி வரையக் கொடுக்கிறேன்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒருமுறை ஒரு பிள்ளை கொண்டுவந்த தாளில் குறுக்குக் கோடு இல்லாத உருவம் மூன்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு அதை வீட்டுவேலையாகக் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

அம்மாவின் தகப்பன் 46 வயதில் ஷெல்பட்டு இறந்தவர். அம்மாவின் ஒரு தம்பி 19 வயதில் போனான். மற்றவர் 2009 வைகாசியில் கடைசியாகக் காணப்பட்டவர். அவரின் படத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா எத்தனையோ நாள் தெருவோரப் பந்தலில் இருந்திருக்கிறார். இவர்களுக்குச் சீனி இருந்ததா? எங்கள் பக்கம் அந்த வருத்தம் வெளியே தெரியவருவது பெரும்பாலும் நாற்பது, ஐம்பது தாண்டித்தான். தெரியவருகிற வயதுவரை அவர்கள் இருக்கவில்லை. அம்மா இதையெல்லாம் சொல்லத் தொடங்கினார். பின்னால் வரிசை நீளம். படிவம் நிரப்பிய தம்பி 'இல்லை' என்ற பெட்டியில் சரி போட்டார்.

அந்த ஒரு சரியைத்தான் நீங்கள் கணினியில் ஏற்றுவீர்கள். இப்படி ஊர் முழுக்க 'இல்லை' என்று விழுந்தால், வன்னியில் குடும்ப வழிச் சீனி குறைவு என்று ஒரு முடிவு வரும். அல்லது, வழி இல்லாமலே இத்தனை பேருக்குச் சீனி வருகிறது, இவர்களிடம் ஏதோ புது மரபணு இருக்கிறது என்று இன்னொரு முடிவு வரும். இரண்டும் பிழை. 'தெரியாது' என்று மூன்றாவது பெட்டி ஒன்று போடுங்கள். 'தெரியவரும் வயதுக்கு முன்பே இறந்துவிட்டார்' என்று நாலாவது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு எதைப் போடுவது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் கேட்பவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அடுத்த ஆள் என்று கூப்பிடக் கூடாது.

சிறுநீரகக் கதையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் கிரியாற்றினின் என்ற கழிவைப் பார்த்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரம் ஒன்று உலகெங்கும் பாவனையில் இருக்கிறது. அமெரிக்காவில் 2009இல் வந்த வடிவத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஒரே இரத்தம், ஒரே அளவு, தோலைப் பார்த்துச் சிறுநீரகம் 16 சதவீதம் கூட வேலை செய்வதாக எழுதினார்கள். அதனால் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் அவர்களின் பெயர் பிந்தித்தான் ஏறியது. 2021இல்தான் அந்தப் பெருக்கலை எடுத்தார்கள். இதற்கிடையில் 2010இல் உண்மையான ஒரு மரபணு அகப்பட்டது: ஏபிஓஎல்1. மேற்கு ஆபிரிக்காவில் தூக்க நோயிலிருந்து காப்பாற்றிய அதே மாற்றம், தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்துவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது. கறுப்பர் எல்லோரிடமும் அது இல்லை. அந்த மாற்றம் ஒருவரிடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இனப் பெயரும் மரபணுவும் வேறு வேறு என்று விளங்கப்படுத்த எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கமும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. 1990களில் மதவாச்சி, பதவியாப் பக்கம் பேசப்படத் தொடங்கியது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயக் கிராமங்களிலும் இருக்கிறது. வயலில் வெயிலுக்குள் காய்வது, கிணற்று நீரின் கடினமும் புளோரைட்டும், அடிக்கும் மருந்து என்று பல சந்தேகங்கள். ஆபத்தைக் கூட்டும் மரபணு இருக்கிறதா என்றும் தேடுகிறார்கள், தேடட்டும். ஆனால் பதவியாவில் சிங்களக் கமக்காரனுக்கும் வவுனியாவில் தமிழ்க் கமக்காரனுக்கும் பொதுவாக இருப்பது வெயிலும் கிணறும் தெளிகருவியும்தான். அங்கே இனத்தைப் பதிவதற்கு முன்னால் கிணற்றைப் பதியுங்கள்.

இதுவரை எழுதியதை வைத்து, இந்த வாத்தியார் மரபணுவே வேண்டாம் என்கிறார் என்று எடுத்துவிடாதீர்கள். இனித்தான் நான் உங்களிடம் கேட்பது வருகிறது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, தன் மாமாவின் மகனைக் கலியாணம் முடித்தாள். சொந்தத்துக்குள் சம்பந்தம், காணியும் வெளியே போகாது, குறிப்பிலும் பத்தில் எட்டுப் பொருத்தம். முதல் பிள்ளை எட்டு மாதத்தில் வெளிறிப்போய், வயிறு மட்டும் ஊதிக்கொண்டு வந்தது. தலசீமியா: உடம்பு ஹீமோகுளோபினைச் சரியாக உண்டாக்காத பரம்பரை இரத்த நோய். நாலு கிழமைக்கொருதரம் இரத்தம் ஏற்ற வேண்டும். விடியப்புறம் நாலரை பஸ்ஸுக்குப் பிள்ளையைச் சேலையால் சுற்றிக்கொண்டு சந்தியில் நிற்பாள். பின்னேரம் திரும்பும்போது பிள்ளையின் சொண்டு சிவந்திருக்கும், தாயின் முகம் செத்திருக்கும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்பும் சேர்ந்து இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதைக் கழிக்க வேறு மருந்து.

ஒருநாள் தன் பழைய கர்ப்பகாலக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். "சேர், இதில ஏதும் இருந்ததா?" அந்தக் கொப்பியில் ஒட்டியிருந்த இரத்த றிப்போட்டில் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. அதற்கு நாலு வரி கீழே சிவப்பணுவின் அளவு: 64. எண்பதுக்கு மேலே இருக்க வேண்டியது. பக்கத்தில் பேனையால் 'சாப்பாடு காணாது, இரும்புக் குளிசை' என்று எழுதியிருந்தது. இரும்புக் குறைபாட்டிலும் அந்த எண் குறையும், எழுதியவரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் குளிசை போட்டும் எண் ஏறாவிட்டால் அடுத்ததாக ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. புருசனின் இரத்தத்தை யாரும் கேட்கவேயில்லை. அவளுக்கு நான் என்ன சொல்வது? "இருந்தது பிள்ளை" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

தலசீமியாக் காவியாக, அதாவது அந்த மரபணுவைத் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் வாங்கிச் சுமப்பவராக, இருப்பது நோய் இல்லை. மலேரியாக் காய்ச்சலிலிருந்து பிழைக்க எங்கள் முன்னோருக்குக் கிடைத்த கவசம் அது. மலேரியா இருந்த நிலமெல்லாம் அந்தக் கவசமும் இருக்கிறது, சிங்களவர் தமிழர் முஸ்லிம் என்று பார்க்காமல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டது. காய்ச்சல் போய்விட்டது, கவசம் இன்னும் இரத்தத்தில் இருக்கிறது. இரண்டு காவிகள் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நாட்டின் தலசீமியா மையம் குருநாகலில் இருக்கிறது. இங்கே கேட்பது அவ்வளவு பெரிய கட்டடம் இல்லை. கலியாணத்துக்கு முன் ஒரு முழு இரத்தக் கணிப்பு, எண் குறைந்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது சோதனை, அதை இருத்தி வைத்துத் தமிழில் விளங்கப்படுத்த ஓர் ஆள். சைப்பிரசில் ஏழு பேருக்கு ஒருவர் காவி. அங்கே 1980களில் திருச்சபையே கலியாணத்துக்கு முன் இந்தச் சோதனைச் சான்றிதழைக் கேட்டது. யாரையும் முடிக்காதே என்று தடுக்கவில்லை, தெரிந்துகொண்டு முடி என்றது. தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டார்கள். குறிப்புப் பார்க்க ஆயிரம் ரூபாய் கொடுக்கிற சனம் நாங்கள், இதையும் பார்ப்போம்.

ஒரு நிபந்தனை மட்டும். முடிவு சம்பந்தப்பட்டவரின் கையில்தான் போக வேண்டும். தரகரின் காதுக்கோ மாமியாரின் காதுக்கோ போனால், 'இரத்தத்தில் குறை உள்ள பெட்டை' என்று ஒரு பிள்ளையின் வாழ்க்கை முடிந்துவிடும். ஆண் காவியை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சொந்தத்துக்குள் கலியாணம் செய்வதைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013இல் வந்தது: நெருங்கிய உறவுக்குள் முடித்தவர்களின் பிள்ளைகளில் பிறவிக் குறைபாடு 3 சதவீதத்திலிருந்து 6 ஆகக் கூடுகிறது. இரண்டு மடங்கு. அதாவது 94 சதவீதம் பிள்ளைகள் சுகமாகப் பிறக்கிறார்கள். அதே ஆய்வில் 34 வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரத் தாய்மாருக்கும் ஏறத்தாழ அதே அளவு கூடியது. ஆகவே மச்சானை முடித்தவளைக் கிளினிக்கில் ஏசாமல், இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். படிவத்தில் இனத்தைக் கேட்பதைவிட, 'கணவன் மனைவி சொந்தமா?' என்றும் 'அம்மம்மாவின் ஊர் எது?' என்றும் கேட்டால் மரபணு ஆராய்ச்சிக்கே கூடப் பிரயோசனம். 2017இல் தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட கூட்டங்களைப் பார்த்த ஆய்வு அதைத்தான் காட்டியது: தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்த 81 கூட்டங்களில், சில முன்னோரின் மரபணு குவிந்து கிடக்கிறது. நோய் தேடுகிறவருக்கு ஊரும் உறவும்தான் வழிகாட்டும். (சாதியைக் கேட்டு ஒரு பெட்டி போட்டுவிடாதீர்கள். அதைக் கிளறாமலே இந்த இரண்டு கேள்வியில் வேண்டியது வந்துவிடும்.)

நாங்கள் ஆராய்ச்சியில் இல்லாமல் இருப்பதும் எங்களுக்கு நட்டம்தான். 2019 வரை நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடிய பெரிய ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் ஐந்துக்கு நாலு பேர் ஐரோப்பிய வழியினர். அவர்களை வைத்துச் செய்த ஆபத்துக் கணக்கு எங்களுக்குப் பிழைக்கும். 2009இல் மதுரையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் உட்பட்ட குழு ஒன்று, இருதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடிய ஒரு மாற்றத்தைக் கண்டது. எம்வைபிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும்; தெற்காசியரில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது, மற்ற இடங்களில் ஏறத்தாழ இல்லை. எங்களை எடுத்துப் பார்க்காமல் இதைக் கண்டிருக்கவே முடியாது. இருதயக் குழாயில் ஸ்ரென்ட் வைத்தபின் இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற குளோபிடோகிறல் குளிசையும் அப்படித்தான். அதை உடம்பு வேலைசெய்யும் மருந்தாக மாற்ற ஒரு நொதியம் வேண்டும். அது மந்தமாக இருப்பவர்கள் ஐரோப்பியரைவிட எங்களில் அதிகம்.

உலக மரபணு வரைபடத்தில் நாங்கள் முழுக்க இல்லாமலும் இல்லை. 2015இல் முடிந்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் 26 மக்கள் கூட்டங்களில் ஒன்று இலங்கைத் தமிழர். எங்கே எடுத்த இரத்தம்? பிரிட்டனில். புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளிடம். அந்தத் திட்டம் யாருக்கு என்ன வருத்தம் என்று எழுதிவைக்கவும் இல்லை. முள்ளிவாய்க்கால் கஞ்சியும் மெனிக்பாம் அகதி முகாமின் கூடாரமும் அந்த மாதிரிகளுக்குள் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பொடியன், "அப்ப எங்கட டீஎன்ஏக்கும் விசா கிடைச்சிட்டுது சேர்" என்றான். சிரித்தோம்.

ஆகவே வாருங்கள். எடுங்கள். ஆனால் ஹவசுப்பாய் மக்களுக்கு நடந்தது எங்களுக்கு நடக்கக் கூடாது. பீமாக்கள் இருக்கும் அதே அரிசோனாவில், பெரும் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் சிறு பழங்குடி அவர்கள். 1990இல் பல்கலைக்கழகம் ஒன்று சீனி வருத்தம் பார்ப்பதாகச் சொல்லி அவர்களிடம் இரத்தம் எடுத்தது. பிறகு அதே இரத்தத்தில் மனநோயைத் தேடினார்கள், உறவுக்குள் மணம் முடித்த அடையாளத்தைத் தேடினார்கள், இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்றும் தேடினார்கள். பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்று நம்புகிற சனத்திடம், இல்லை, நீங்கள் ஆசியாவிலிருந்து நடந்து வந்தவர்கள் என்று அவர்களின் இரத்தத்தை வைத்தே கட்டுரை எழுதினார்கள். பல வருடங்கள் கழித்து அந்த மக்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுரையைக் கேட்கப்போன இடத்தில்தான் விசயம் வெளியே வந்தது. வழக்குப் போட்டார்கள். 2010இல் 41 பேருக்கு 7 இலட்சம் டொலர் கொடுத்து, மிஞ்சிய இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த நாட்டில் யார் முதல் வந்தது என்ற கேள்விக்கு எவ்வளவு இரத்தம் ஏற்கெனவே போயிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளினிக்கில் சீனிக்கென்று கொடுத்த இரத்தம் அந்த வழக்குக்குச் சாட்சி சொல்லப் போகக் கூடாது. எந்தப் பக்கத்துக்காகவும். அதை ஒப்புதல் படிவத்தில் ஒரே வரியில், படித்தவுடன் விளங்குகிற தமிழில் எழுதுங்கள். 'மரபணுத் தொடரீட்டுப் பயன்பாடு' என்பதை எடுத்துவிட்டு, 'உங்கள் இரத்தத்தை இத்தனை வருடம் இந்த இடத்தில் வைத்திருப்போம், இன்ன நோயைப் பற்றி மட்டும் பார்ப்போம், வேறு எதற்கும் தேவைப்பட்டால் திரும்ப வந்து கேட்போம், வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம்' என்று எழுதினால் அம்மாவுக்கு விளங்கும். கையெழுத்துக்கு முதல் வாசித்துக் காட்டவும் வேண்டும். மூன்று மூடிக்கும் மூன்று காரணம் சொல்ல வேண்டும்.

கண்டதைத் திரும்பச் சொல்லவும் வேண்டும். கட்டுரை ஆங்கிலச் சஞ்சிகையில் வந்தது என்பது எங்களுக்குப் பதில் இல்லை. அதே பொதுநோக்கு மண்டபத்தில், அதே கதிரைகளைப் போட்டு, இவ்வளவு பேரைப் பார்த்தோம், இது கிடைத்தது, இது கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, அதையும் வந்து சொல்லுங்கள்.

இனி, வருவதானால் சில நடைமுறை. தை, மாசியில் வராதீர்கள். காலபோக வெட்டு, வயலை விட்டு ஒருவரும் வரமாட்டார்கள், வந்தாலும் முதல்நாள் முழுக்க வெயிலுக்குள் நின்ற உடம்பில் எடுத்த கிரியாற்றினின் உங்களைப் பிழையாக நடத்தும். பங்குனி நடுப்பகுதிக்குப் பிறகு வாருங்கள். படிவத்தை ஒரு கிழமைக்கு முன்பே அனுப்பினால் எங்கள் உயர்தர மாணவர்கள் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டுவார்கள். அவர்களுக்கும் அது ஒரு செய்முறைப் பாடம். சாப்பிடாமல் வரச் சொன்னால், இரத்தம் எடுத்தபின் குடிக்க ஒரு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் வையுங்கள், போனமுறை இரண்டு கிழவிகள் மயங்கி விழுந்தார்கள்.

மூன்றாவது குழாய் இப்போது எங்கே இருக்கிறது என்று அம்மா இன்னும் கேட்கிறார். அவரின் பெயரும் முகாமின் திகதியும் படிவ இலக்கமும் என்னிடம் இருக்கின்றன. அந்தக் குழாயை வைத்திருப்பவர் இதை வாசித்தால், எங்கள் ஊர்க் கிராம சேவையாளரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உயிரியல் வாத்தியார் ஒருவர்
கிளிநொச்சி